முதுகுக் காயம் பற்றிய திருத்தம்

மந்திரவாதிக்கு ஒவ்வொரு நிலையிலும்
புதுசாக ஒரு பக்கம் திறக்கிறது.
வீரனுக்கு?
இன்னொரு முறை வெட்டலாம், அவ்வளவுதான்.
மூன்று சனிக்கிழமை இதைப் பேசிப் பேசி அலுத்து
நகைக்கடைக் காலண்டரின் செப்டம்பரைக் கிழித்து
அதன் பின்பக்கத்தில்
எங்கள் மேஜைக்கென்று எழுதினேன்.

கேடயத்தைப் பலி கொடுக்கலாம்.
சாவடியே ஆனாலும்
"போச்சு கேடயம்" என்று முந்திச் சொல்லிவிட்டால்
பலகை சிதறும், ஆள் பிழைப்பான்.
மரமா இரும்பா என்று வாதாடக்கூடாது
(ஃபைசல், உன்னைத்தான்).

ஒருவனைச் சாய்த்த வாள் அங்கேயே நிற்காது;
எட்டும் தூரத்தில் அடுத்தவன் இருந்தால்
அதே வீச்சில் அவனுக்கும் ஒன்று.
ஃப்ரிட்ஜுக்கு அடியில் உருண்ட பகடை
இருபதே காட்டினாலும் செல்லாது.
அங்கே ஏற்கெனவே ஓர் எட்டுமுகப் பகடை
வாடகை தராமல் குடியிருக்கிறது.

கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனர் இருப்பதால்
பத்து மணிக்கு மேல்
போர்முழக்கம் கிசுகிசுப்பாக எழுப்பப்படும்.
பலன் குறையாது.

பிறகு, கொஞ்சம் கர்வத்தோடு, இது:
மார்பில் படுவது விழுப்புண்.
ஒன்றுக்கு ஒரு புளியங்கொட்டை.
அதைக் கொடுத்துப் பகடையை மறுபடி உருட்டலாம்.
முதுகில் பட்டால்
கையில் இருப்பதில் ஒன்று பிடுங்கப்படும்.
பரீட்சைக்கு உருப்போட்ட தமிழ்
கடைசியில் ஒரு வேலைக்கு ஆயிற்று என்று
பேனாவை மூடினேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை.
ரெட்டேரி சிக்னலில் தண்ணீர் நின்றுவிட
எஸ்தர் முழங்கால்வரை நனைந்து வந்தாள்,
நூற்றியெட்டு வண்டியின் சட்டையைக்கூட மாற்றாமல்.
"அயனாவரத்துல லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி.
ஸ்ட்ரெச்சரைப் புடிச்சிக்கிட்டு
பின்னாலயே நடந்து எறங்கினேன்.
டீ இருக்கா?"

டீ இருந்தது. ஆடினோம்.

உப்புச் சுரங்கத்தின் கூரை உதிர்கிறது.
ஃபைசலின் மந்திரவாதி கால் ஒடிந்து கிடக்கிறான்,
மந்திரமெல்லாம் தீர்ந்து, தாடியும் கருகி.
இருட்டிலிருந்து கண்ணில்லாத நாய்கள்.
எஸ்தரின் கொற்றிக்குக் கேடயம்
முதல் வாசலிலேயே போய்விட்டது.

"தூக்கிக்கிட்டுப் போறேன்."
தோளிலா என்றேன்.
"இல்ல. முன்னாடி அணைச்சு.
நாய்ங்களுக்கு என் முதுகு."

வாசலுக்கு எழுபது அடி.
பத்தடிக்கு ஒரு கடி என்று உருட்டினேன்.
அன்று பார்த்து எனக்குப் பகடை
அப்படி விழுந்தது. ஏழும் பட்டன.
ஒவ்வொரு கடிக்கும், நான் கேட்காமலே,
ஒரு புளியங்கொட்டையை
விரல் நுனியால் என் பக்கம் தள்ளினாள்.
ஐந்தாவதோடு அவள் பக்கம் காலி.

ஆறு. "கடன்" என்றாள்.
ஏழு. "அதுவும்."

வெளியே வந்துவிட்டார்கள்.
எதற்கும் வாதாடுகிற ஃபைசல்
தன் மந்திரவாதியின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஃபேன் காற்றில் செப்டம்பர் படபடத்தது.
எழுந்து போய் அந்த வரியை அடித்தேன்.
மேலே எழுதினேன்:
முதுகில் காயம் என்றால்
கையில் யார் இருந்தார் என்று கேட்டுவிட்டுத்தான்
மற்றது.

ஐந்து கொட்டைகளையும் அவள் பக்கம் நகர்த்தினேன்.
"ஆடும்போது விதி அதானே இருந்துச்சு," என்று
திருப்பித் தள்ளினாள்.
"மாத்துறதுன்னா அடுத்த வாரத்துலேர்ந்து மாத்து."

அடுத்த வாரம் மழை இல்லை.
டிபன் பாக்ஸ் மூடியில்
கழுவித் துடைத்த இரண்டு கொட்டைகள் கொண்டுவந்தாள்.
ஒன்றில் இன்னும்
லேசாக மீன்குழம்பு வாசம்.
வாங்கி, எண்ணி,
டப்பாவில் போட்டேன்.